கிளாரிஸ் அறையின் கதவு

ஒரு கதவுக்காகத் தச்சர் சூசைக்கு அறுநூற்றைம்பது மலேசிய வெள்ளி வரவேண்டியிருந்தது. கடன்பட்டது அரசாங்க ஆஸ்பத்திரி என்று கிளாரிஸ் சொன்னாள். ஏழு மாதமாக அதையேதான் சொன்னாள்.

கிளாரிஸ் அந்த ஆஸ்பத்திரியின் உளவியலாளர். டாக்டர் அல்ல, மருந்து எழுதமாட்டாள், ஊசி போடமாட்டாள். மனசு சரியில்லை என்று டாக்டர்மார் அனுப்புகிறவர்களை எதிரே உட்காரவைத்துப் பேசவைப்பதுதான் அவள் வேலை. பார்க்கிறவனுக்கு லேசாகத் தெரியும். நாள் முழுக்க மரம் இழைத்தவனுக்கு மாலையில் கை வலிக்கும், அவ்வளவுதான். அவளுக்கு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னும்போதும் யாராவது ஒருவர் காதுக்குள் அழுதுகொண்டிருப்பார். நிபோங் திபாலில் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவரின் மகள். யார் சிபாரிசும் இல்லாமல் படித்து, பரீட்சை எழுதி, நேராக வாசல் வழியே உள்ளே வந்தவள். அந்த விஷயத்தில் அவளைக் குறை சொல்ல இந்தப் பினாங்குத் தீவில் ஆள் கிடையாது.

குறையெல்லாம் அறையில்தான் இருந்தது. கதவைக் கறையான் தின்றுவிட்டது என்று ஒருநாள் கழற்றிக்கொண்டு போனார்கள். புதுக் கதவு வரும்வரைக்கும் இருக்கட்டும் என்று ஒரு பச்சைத் திரையை மாட்டினார்கள். பதினொரு மாதம் ஆயிற்று. கிளாரிஸ் ஒன்பது கடிதம் எழுதினாள். ஒவ்வொன்றுக்கும் 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று பதில் வந்தது, கதவு வரவில்லை.

திரைக்கு அந்தப் பக்கம் முழங்கை தூரத்தில் நீளப் பெஞ்சு. எண் கூப்பிடக் காத்திருக்கிறவர்கள் அதில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே ஒருவர் மூக்கைச் சிந்தினால் வெளியே இருக்கிறவர் திரும்பிப் பார்ப்பார். அது போதாதென்று தொலைபேசி வேறு. தமிழ் பேசும் நோயாளி எந்த வார்டில் இருந்தாலும், "கிளாரிஸ், இங்கே ஒரு தமிழ்க் கேஸ், அஞ்சு நிமிஷம்" என்பார்கள். அழுகிறவரைப் பாதியில் நிறுத்திவிட்டு, யாருக்கோ மலச்சிக்கல் எத்தனை நாள் என்று மொழிபெயர்க்க மாடிக்கு ஓடுவாள்.

நல்லம்மாள் அவளிடம் ஐந்து தடவை வந்தாள். ஆயர் ஈத்தாம் மார்க்கெட்டில் இடியாப்பம் விற்கிறவள். ஐந்து தடவையும் ஒரே வார்த்தை: "தலை வலிக்குது, மிஸ்." கண் மட்டும் திரையிலேயே இருக்கும். பெஞ்சில் அவள் மார்க்கெட்டு ஆள் ஒருத்தி தவறாமல் உட்கார்ந்திருப்பாள். அந்த மார்க்கெட்டில் காலையில் ஒரு காதில் விழுந்தது மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும். ஆறாவது தடவை நல்லம்மாள் வராமலேயே நின்றுவிடுவாள் என்று கிளாரிஸுக்குத் தெரிந்தது. வராமல் நின்றவர்களில் ஒருவர் என்ன ஆனார் என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால்தான் பயம்.

அந்த வாரம் மருந்துக் கவுண்டரில் உடைந்த இழுப்பறையைச் சரிசெய்யச் சூசை வந்திருந்தார். அறுபத்தெட்டு வயது. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். இன்றைக்குச் சொந்தப் பட்டறையில் நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறார்.

"நான் போட்ட கதவு ஒண்ணுகூட இதுவரைக்கும் இறங்கினதில்ல, டாக்டரம்மா. பினாங்குல யாரை வேணும்னாலும் கேளுங்க."

"நான் டாக்டர் இல்ல, அங்கிள். எனக்கு ஒரு கதவு போட்டுக் குடுங்களேன். ஆஸ்பத்திரி காசு குடுக்கும்."

"எழுத்தெல்லாம் எனக்கு வேணாம்லா. வாய் வார்த்தை போதும். யாரோட வார்த்தைன்னு மட்டும் தெரிஞ்சா சரி."

"ஆஸ்பத்திரியோட வார்த்தைதான்" என்று சிரித்தாள் கிளாரிஸ்.

ஞாயிற்றுக்கிழமை வந்து போட்டார். கனமான மெராந்தி மரம், மூன்று கீல், அடியில் ரப்பர் பட்டை. உள்ளே ஓர் ஆளை நிறுத்திக் கத்தவிட்டு, வெளியே நின்று காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் சாமான் பையைக் கட்டினார். செவ்வாய்க்கிழமை நல்லம்மாள் வந்தாள். கதவு சாத்தியதும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு மணி நேரம் பேசினாள். என்ன பேசினாள் என்பது கதவுக்கு உள்ளே பேசியது, இங்கே வராது.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது தலைவேதனை. கணக்குப் பிரிவில் இருக்கும் ஹைக்கல் என்பவன் பில்லைக் கையில் வாங்கியவுடனே திருப்பிக் கொடுத்தான். ஆர்டர் முதலில், வேலை பிறகு. இங்கே வேலை முதலில் நடந்திருக்கிறது, காசு கொடுக்க வழியில்லை என்றான். அப்படியானால் ஏன் அப்படி நடந்தது என்று ஒரு விளக்கக் கடிதம் கொடுக்கிறேன் என்றாள். மூன்று கடையில் விலை கேட்டீர்களா என்றான். போட்டு முடித்த கதவுக்கு இன்னும் இரண்டு கடையில் விலை கேட்பதா என்று கத்தத் தோன்றியது. கத்தவில்லை. கத்துகிறவர்களைச் சமாதானப்படுத்துவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

ஏழாவது மாதம் ஒரு கடிதம் வந்தது. அந்த அறையின் கதவு ஆஸ்பத்திரியின் சொத்துப் பட்டியலில் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் அகற்றவேண்டும், இல்லையென்றால் கதவின் சொந்தக்காரர் அதை நன்கொடை என்று எழுதிக் கையெழுத்திடவேண்டும்.

கிளாரிஸ் சூசைக்குப் போன் செய்தாள்.

"நன்கொடையா? நான் வேலை செஞ்சேன், கூலி கேக்குறேன். சும்மா குடுத்தேன்னு பொய்யா எழுதச் சொல்றீங்களா? எந்தப் பயலும் என் கூலியை முழுங்கினதில்ல. வியாழக்கிழமை வந்து கழட்டிக்கிறேன்."

சொன்னபடியே வந்தார். அன்றைக்கு நல்லம்மாளின் நாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் திருப்புளியைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"அண்ணே, ஏன் கழட்டுறீங்க?"

"என் கதவு, கழட்டுறேன்."

"கக்கூஸுக்குக்கூட இங்க கதவு வெச்சிருக்காங்க. மனுசங்க பேசுற இடத்துக்கு மட்டும் துணியா? கழட்டுங்க, கழட்டுங்க. நான் வீட்டுக்குப் போறேன், இனிமே வரல."

சூசை திருப்புளியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். மேல் கீலின் முதல் திருகாணி வெளியே வந்துவிட்டது. நல்லம்மாள் பையைத் தோளில் மாட்டினாள்.

கிளாரிஸ் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். "அங்கிள், நிறுத்துங்க. காசை நான் குடுக்கிறேன்."

"உங்க காசு எனக்கு எதுக்கு? பாவம் பார்த்துக் குடுக்கிறீங்களா? கடன் ஆஸ்பத்திரியோடது. நீங்கதான் சொன்னீங்க."

அங்கேதான் அவளுக்கு உறைத்தது. ஏழு மாதமாகத் தன் வாயால் பேசிவிட்டு, பேரை மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போட்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரி ஒண்ணும் சொல்லல, அங்கிள். போடுங்கன்னு சொன்னது நான். வார்த்தை என்னுது. கடனும் என்னுதுதான்."

சூசை திருப்புளியை இறக்கினார். "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா, மாசம் ஒரு தடவை நான் இங்க வந்து நாய் மாதிரி நின்னிருக்கமாட்டேன்."

"தப்புதான். ரசீது என் பேர்ல எழுதுங்க. கதவு என்னுதாயிடும். நன்கொடைன்னு நானே கையெழுத்துப் போட்டுக்கிறேன்."

"விலையில கழிவு கிடையாது."

"கேட்டேனா?"

நல்லம்மாள் பையோடு நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளாரிஸ் கீழே இருந்த இயந்திரத்தில் பணம் எடுத்துக்கொண்டு வந்தாள். எட்டு வருஷமாக வேலை செய்கிற இடத்தில், தான் உட்காரும் அறைக்குத் தானே கதவு வாங்குகிறோமே என்று நெஞ்சு எரிந்தது. ஹைக்கல் இதைக் கேட்டால் நல்ல முடிவு என்று தலையாட்டுவான். அதை நினைக்க இன்னும் எரிந்தது. அதற்குள் சூசை கழற்றிய திருகாணியைத் திரும்ப முறுக்கி, கதவை இரண்டு தடவை திறந்து சாத்திப் பார்த்துவிட்டு, ரசீதைப் பெரிய பெரிய எழுத்தில், நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதி முடித்திருந்தார்.

நல்லம்மாள் உள்ளே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். மேசைமேல் தொலைபேசி அடித்தது. ஏதோ வார்டில் ஏதோ தமிழ்க் கேஸ். கிளாரிஸ் எடுக்கவில்லை. வாசலில் நின்றபடியே சூசை கையை நீட்டினார். பசை காய்ந்து வெடித்த உள்ளங்கை. ஐம்பது, நூறு, நூற்றைம்பது என்று வாய்விட்டு எண்ணி, பதின்மூன்றாவது நோட்டையும் அதில் வைத்தாள்.