துளைகளில் தொலைந்த ஃபோகஸ்

போன சனிக்கிழமை ஆம்பூரில் ஒரு ஷூ என்னை முட்டாளாக்கியது.

ஷூவைக் குறை சொல்லி என்ன பயன்? கேமராவைச் சொல்ல வேண்டும். இல்லை... அதை விடாமல் கட்டிக்கொண்டு அழுகிற என்னைச் சொல்ல வேண்டும். ஆனாலும் நடந்ததைக் கேட்டால் உங்களுக்கும் ‘அட, இப்படியும் ஆகுமா?’ என்றுதான் தோன்றும்.

பர்வீன் என் மனைவியின் கல்லூரித் தோழி. ஆம்பூரில் சின்னதாக ஒரு ஷூ யூனிட் நடத்துகிறார். இத்தனை நாள் பெரிய கம்பெனிகளுக்கு ஷூவின் மேல்பாகத்தைத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இப்போது சொந்த டிசைனில் முதல் ஜோடி செய்திருக்கிறார். சரக்கு வாங்கப்போகும் வெளிநாட்டு பையருக்கு முதலில் படம் போக வேண்டும். படம் பிடித்திருந்தால்தான் சாம்பிளை அனுப்பச் சொல்வார். சின்னக் கறைக்காகப் பக்கத்துத் தெருக்காரரின் சாம்பிளைத் திருப்பி அனுப்பியவராம் அந்த மனிதர்.

“போன்ல எடுத்தா ப்ளாஸ்டிக் ஷூ மாதிரி தெரியுதுண்ணா. நீங்க ஒருவாட்டி வந்து எடுத்துக் குடுங்க” என்றார் பர்வீன்.

வேலூரிலிருந்து கிளம்பும்போதே மனைவி ஆரம்பித்துவிட்டாள். “நீங்க ஃபோகஸ் பண்றதுக்குள்ள அந்த ஷூ தேஞ்சிடும்.”

அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஊரில் எல்லாக் கேமராவும் தானாக ஃபோகஸ் செய்துகொள்ளும். என்னுடையது டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் — செய்யாது. மூலையில் இருக்கும் சின்ன ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு குட்டிக் கட்டம். அதற்குள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றாகிவிட்டால் ஃபோகஸ் சரி. சொல்வதற்கு என்னவோ சுலபம்தான்.

சாதாரண லென்ஸ் என்றால் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் மன்னித்துவிடும். ஆனால் அதை வைத்துக்கொண்டு பக்கத்தில் போனால் ஷூவின் மூக்கு வீங்கித் தெரியும். அதனால் டெலிஃபோட்டோ லென்ஸ். அதற்கு மன்னிக்கிற குணமே கிடையாது. அந்தத் தூரத்தில் துல்லியமாக விழுவது ஒரு விரல் அகலம்தான். மற்றதெல்லாம் கலங்கல்.

ஷூ அழகாக இருந்தது. தேன் நிறம், ஆட்டுத்தோல். பக்கவாட்டில் முழுக்க வரிசை வரிசையாகப் பொடித் துளைகள். அதுதான் பர்வீனின் டிசைன். வலது ஷூவை முன்னால் வைத்து, இடது ஷூவை அதன் பின்னால் பாதி மறைத்து வைத்தார். நான் துளைகளைப் பார்த்து வளையத்தைத் திருப்பினேன். துளையோடு துளை கச்சிதமாகச் சேர்ந்தது. க்ளிக்.

திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஷூ மங்கல். முன்னால் இருந்த மேஜைத் துணியில் ஒவ்வொரு நூலும் தெரிகிறது.

மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை பின்னால் இருந்த அட்டைப்பெட்டி துல்லியம். கேமராவை நெடுக்காகத் திருப்பிப் பிடித்தேன், அதே கதை. ஷூவின் ஓரத்தைப் பார்த்து ஃபோகஸ் செய்துவிட்டுக் கேமராவைத் திருப்பினேன். திருப்புகிற திருப்பலிலேயே அந்த ஒரு விரல் அகலம் போய்விட்டது. லென்ஸில்தான் கோளாறா? சுவரில் இருந்த காலண்டரைப் படம் எடுத்துப் பார்த்தேன். தேதி பளிச்சென்று விழுந்தது.

அப்படியானால் ஷூவில் மட்டும் என்ன?

எரிச்சல் போய் எனக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது. பர்வீன் கடிகாரத்தைப் பார்க்கிறார், நான் வளையத்தை மெல்ல மெல்லத் திருப்பிக்கொண்டிருக்கிறேன். துளைகள் சேர்ந்தன. இன்னும் திருப்பினேன். விலகின... மறுபடி சேர்ந்தன! இன்னும் திருப்ப, இன்னொரு தடவை சேர்ந்தன.

புரிந்துவிட்டது. எல்லாத் துளைகளும் ஒரே அளவு, ஒரே இடைவெளி. ஒரு துளை தன் ஜோடியோடு சேராமல் அடுத்த துளையோடு சேர்ந்தாலும் பார்க்க ஒன்றுதான். எல்லாக் கதவும் ஒரே மாதிரி இருக்கிற ஃப்ளாட்டில், மாடி மாறிப் போய் யார் வீட்டு காலிங் பெல்லையோ அடிப்பதில்லையா? என் கேமராவும் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. துளை போட்ட வேலை எவ்வளவு சுத்தமோ, அவ்வளவு சுலபமாக அது ஏமாறும்.

“ஒரு துளையாவது கோணலா போட்டிருக்கக் கூடாதா பர்வீன்?”

“இன்னாண்ணா பேசுறீங்க? கோணலா போட்டா ரிஜெக்ட்டு.”

“சின்னதா ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கலாமா?”

“ஐயோ, ஃபினிஷிங் உரிஞ்சி வந்துடும். தொடாதீங்க.”

“தோல்ல எங்கயாவது தனியா ஒரு புள்ளி, ஒரு கோடு... எதுனா ஒண்ணு கிடைச்சா போதும்மா.”

பர்வீன் பின்னால் இருந்த இடது ஷூவை எடுத்து முன்னால் வைத்தார். மூக்குப் பக்கம் மெல்லிய ஒரு கீறல்.

“ஆடு வேலியில உரசின தழும்புண்ணா. தோலா இருக்கும்போது கண்ணுக்கே தெரியல. கால் அச்சுல ஏத்தி இழுத்தப்போதான் வெளிய வந்துச்சு. வேற செய்யலாம்னா இந்தக் கலர்ல தோல் இல்ல. அதான் பின்னாடி மறைச்சி வெச்சேன்.”

எனக்குப் பாவமாகிவிட்டது. “கவலைப்படாதே. கீறலை வெச்சு ஃபோகஸ் பண்ணிக்கிறேன். அப்புறம் அதே இடத்துல வலது ஷூவை வெச்சிடலாம். கீறல் படத்துல வராது” என்றேன்.

கட்டத்துக்குள் இரண்டு கீறல்கள் நெருங்கின. ஒரே ஒரு இடத்தில்தான் சேர்ந்தன. சோதனைக்காக ஒரு க்ளிக்.

அடடா! தோலின் மயிர்க்கால் ஒவ்வொன்றும் தெரிந்தது. நடுவே அந்தக் கீறல். ப்ளாஸ்டிக் என்று யாரும் சொல்ல முடியாது. உயிரோடு திரிந்த ஏதோ ஒன்றின் தோல் அது என்று பார்த்தவுடனே தெரிந்தது. பர்வீன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதையே அனுப்பிடலாம்ணா.”

“யோசிச்சுக்கோம்மா. பையர் ஒரு மாதிரின்னு சொன்னியே?”

“படத்துல மறைச்சி, அப்புறம் பொட்டியைத் தொறக்கும்போது பார்த்தான்னா ஜாஸ்தி பேஜாரு. வேணாம்னா இப்பவே சொல்லட்டும்.”

சொல்லிவிட்டாரே தவிர, அனுப்புவதற்கு முன் அந்தக் கீறலை மூன்று தடவை பெரிதாக்கிப் பார்த்தார். அன்று பர்வீன் வீட்டு பிரியாணி எனக்குச் சரியாக இறங்கவே இல்லை. என்னுடைய கேமரா வீம்புக்காக ஒருவரின் முதல் ஆர்டர் போய்விடுமோ? பேசாமல் போனிலேயே எடுத்திருக்கலாமோ?

நேற்று பர்வீனிடமிருந்து போன். “சாம்பிள் அனுப்பச் சொல்லிட்டான்ணா. அந்தக் கீறல் அவனுக்கு ரொம்பப் புடிச்சிருச்சாம்.”

“நல்ல விஷயம்தானே? ஏன் குரல் டல்லா இருக்கு?”

“இன்னா நல்ல விஷயம்? ஆர்டர்ல எல்லா ஜோடிக்கும் அதே எடத்துல அதே கீறல் வேணுமாம். நான் எத்தினி ஆட்டைப் புடிச்சி வேலியில தள்றது?”