இரண்டு ஆபத்துக்கும் ஒரே சைரன்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் முள்ளுக்கம்பி வேலி. வேலிக்கு அப்பால் எண்ணெய்த் தாங்கிகள். யுத்த காலத்தில் இதைவிட நல்ல அயல் யாருக்குக் கிடைக்கும்! ஒரு ஷெல் விழுந்தால் எங்களை எரிக்க விறகுகூடத் தேவைப்படாது என்று சொல்லிச் சிரிப்போம். வேறென்ன செய்வது?

ஒரு நாள் எண்ணெய்க் கம்பனி அதிகாரி ஒருவர் வந்து சனத்தைப் பள்ளிக்கூடத்தில் கூட்டினார். ஆபத்து வந்தால் எப்படித் தப்புவது என்று சொல்லித் தரப் போகிறாராம். அவருக்குத் தமிழ் தெரியாது. நான் ஆங்கிலம் படிப்பிக்கிற ரீச்சர் என்பதால் மொழிபெயர்க்க என்னை நிறுத்தினார்கள். எண்ணெய் கசிந்தால் சைரன் அடிப்போம், வீட்டை விட்டு வெளியே வாருங்கள் என்றார். பள்ளத்தில் மட்டும் இறங்காதீர்கள், எண்ணெய் ஆவி பாரமானது, பள்ளத்தில்தான் தேங்கும். பெரிய றோட்டால் நடந்து மேட்டுக்குப் போங்கள். இதையெல்லாம் அச்சடித்து ஆளுக்கொரு தாளும் தந்தார். எல்லாம் சரியான கதைதான்.

ஆனால் தாக்குதல் என்றாலும் சைரன்தான் அடிக்கும். அதற்கு நாங்கள் மண்ணில் வெட்டின பங்கருக்குள் இறங்குவோம். இரண்டையும் எப்படிப் பிரித்து அறிவது என்று அவரிடம் கேட்டேன். எங்களிடம் இருப்பது ஒரே சைரன்தான், நீங்கள்தான் நிலைமையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று சொல்லிச் சிரித்தார். அட பாவி மனுசா! எங்கள் உயிரை எங்கள் ஊகத்தில் விட்டுவிட்டு அந்த ஆளால் சிரிக்க முடிந்தது.

"என்னவாம் ரீச்சர்?" என்று சனம் கேட்டது.

"பாத்துச் செய்யட்டாம்," என்றேன்.

அக்காவுக்கு அப்போது எட்டு மாதம். நாற்பது வயதில் தங்கிய முதல் பிள்ளை. அத்தான் வெளிநாட்டில். வீட்டில் நானும் அவளும்தான்.

ஒரு ஞாயிறு காலை அக்கா கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது சைரன் அடித்தது. நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்து வந்து பங்கருக்குள் இறக்கினேன். எங்கள் ஒழுங்கை வீடுகளில் எல்லாம் அதுதான் வழக்கம்: பிள்ளைத்தாச்சி முதலில் இறங்க வேண்டும், ஆக உள்ளே இருக்கிற மூலை அவளுக்கு. ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது நான்தான். இறங்காதே என்று ஊருக்கே சொன்ன வாய் "இறங்கு, கெதியா இறங்கு" என்று கத்தியது. சைரன் கேட்டால் யோசிப்பதற்கு முன்னே கால் பங்கருக்கு ஓடும். அத்தனை வருஷப் பழக்கம்.

வெடிச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. மணம்தான் வந்தது. முதலில் மெல்லியதாக, பிறகு தொண்டையைப் பிடிக்கிற மாதிரி. அக்கா இரண்டு தரம் சத்தி எடுத்தாள்.

"தங்கச்சி, மூச்சு விட ஏலாமக் கிடக்கு."

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. பங்கர் வாசல் ஒடுக்கம். அந்த வயிற்றோடு அவளால் ஏற முடியவில்லை. நான் கீழே நின்று தோளைக் கொடுத்துத் தள்ளினேன். எவ்வளவு நேரம் எடுத்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பெரிய றோட்டுக்கு வந்தால் சென்றியில், ஆமிக் காவலரணில், தடை போட்டிருந்தது. சைரன் அடித்தால் யாரையும் விடக் கூடாது என்பது அங்கே கட்டளை. நான் அதிகாரி தந்த தாளை நீட்டினேன். அது அவர்களுடைய தாள், இது எங்களுடைய கட்டளை என்றான் ஆமிக்காரன். எனக்குத் தெரிந்த மூன்று பாஷையிலும் அவனைத் திட்டினேன். அவன் மூக்கில் லேஞ்சித் துணியைப் பொத்திக்கொண்டு நின்றான், தடையைத் தூக்கவில்லை. ஊர் முழுக்க அந்த வெயிலில், தார் றோட்டில், காற்று எங்கள் பக்கமே வீச, மத்தியானம் திரும்பும் வரை குந்தியிருந்தது. நாசமாய்ப் போன கட்டளை!

தடையை எடுத்த பிறகு போன ஆஸ்பத்திரியில் டொக்டர் அக்காவின் வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டார். இன்னொரு தரம் வைத்துப் பாருங்கள் என்றேன். வைத்தார். பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு இல்லை.

ஒரு மாதம் கழித்து அதே அதிகாரி அதே பள்ளிக்கூடத்துக்கு வந்தார். எண்ணெய்க் குழாய் ஒன்று வெடித்ததாம், திருத்தியாயிற்றாம். பிறகு கேட்டார்: பள்ளத்தில் இறங்க வேண்டாமென்று தெளிவாகச் சொன்னேனே, ஏன் இறங்கினீர்கள்? மொழிபெயர்க்கச் சொல்லி என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் அறைந்திருக்க வேண்டும். நான் மொழிபெயர்த்தேன்.

கடைசி வாங்கில் இருந்த அக்கா எழும்பினாள்.

"எங்களுக்குச் சொல்லித் தந்தவள் இவள்தான். என்னை இறக்கினவளும் இவள்தான். இவளுக்கே அந்த நேரம் தெரியேல்லையெண்டா வேற ஆருக்குத் தெரியும் எண்டு அவரிட்டக் கேள்."

கேட்டேன். அவர் தாள்களை அடுக்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்றாள் அக்கா.

"அடுத்த முறை கவனமா இருக்கட்டாம்."

"எனக்கு அடுத்த முறை இல்லையெண்டு சொல்லு."