ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி

குழந்தைகளுக்கு மூளை, நரம்பு வைத்தியம் பார்க்கும் அந்த டாக்டரம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் வைத்திருந்த பெயர் 'சிடுமூஞ்சி'. அது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. அவர் மறுத்ததில்லை.

எழுந்ததும் தலைவலி, வாந்தி என்று பிள்ளையைக் கூட்டி வருகிறவர்களிடம் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்.

"ஞாயித்துக்கிழமையும் இப்படித்தானா?"

"ஐயோ, அன்னைக்கு இவன் ஆட்டம் தாங்காது டாக்டர்" என்று பதில் வந்தால், பிள்ளையை முழுசாகப் பரிசோதித்துவிட்டுப் பெற்றவர்களைப் பிடித்துக்கொள்வார். "ஸ்கூலுக்கு டிமிக்கி குடுக்குற பிள்ளையை என்கிட்ட எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?" சத்தம் வராந்தாவின் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும். திட்டு வாங்கியவர்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். டாக்டரம்மா நிம்மதியாக டீ குடிப்பார்.

இன்று வந்த அம்மாவுக்குப் பொறுமை போயிருந்தது. பக்கத்தில் ஆறு வயது மகள், தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தினமும் காலைல வாந்தி. எல்லாம் நடிப்பு டாக்டர். நீங்களே நாலு வார்த்தை திட்டுங்க, அப்பவாவது உறைக்கட்டும்."

"ஞாயித்துக்கிழமையும் இப்படித்தானா?"

"அதை ஏன் கேக்குறீங்க! லீவு நாள்லகூட நடிப்பை விட மாட்டேங்குறா."

டாக்டரம்மா பேனாவை மூடினார். தன் நாற்காலியை அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "முதல்ல கொஞ்சம் தண்ணி குடிங்கம்மா" என்றார்.

கதவுக்கு வெளியே நின்ற நர்ஸ் வழக்கமான சத்தத்துக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். வரவில்லை. ஸ்கேன் அறைக்கு போன் போட்டார்.