கடிதத்துக்கு முந்திய பட்டியல்

என் தம்பியைக் காட்டிக்கொடுத்தவர் என் கணவர் என்றே எங்கள் குடும்பம் அப்போது நம்பியது. நம்புவதற்குக் காரணமும் இருந்தது. கருங்குழிக்கு அருகே எங்கள் ஊர் மேய்ச்சல் நிலத்தைத் தொழிற்பேட்டைக்கு எடுப்பதை எதிர்த்துத் தம்பி ஆட்களைத் திரட்டிக்கொண்டிருந்தான். போலீஸ் தேடத் தொடங்கியதும் புதுப்பட்டினத்தில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் போய்த் தங்கினான். அந்த வீடு எங்களுள் என் கணவருக்கு மட்டுமே தெரியும்; அவர்தான் தம் வண்டியில் கொண்டுபோய் விட்டு வந்தார். நான்காம் நாள் காலை, தம்பி பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, ஜீப் நேராக அந்த வாசலில் வந்து நின்றது.

கணவர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். "சர்க்காரு சம்பளம் வாங்கறவரு வேற இன்னா செய்வாரு," என்றாள் அம்மா. குரலை உயர்த்தவில்லை, அரிசி களைந்துகொண்டே சொன்னாள்.

தம்பி ஜாமீனில் வந்தான். சண்டை போடவில்லை. பொங்கலுக்கு எனக்கு வரிசை கொண்டுவருபவன், அந்த ஆண்டிலிருந்து அவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து வந்தான். புடவையையும் வெல்லத்தையும் கரும்பையும் வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விடுவான். மாலையில் அவர், மச்சான் வந்து போனானா என்று மட்டும் கேட்பார். கரும்பைத் தொடமாட்டார்.

ஒருமுறை என்னிடம், "நீயாவது என்னை நம்பறியா?" என்றார்.

நம்புகிறேன் என்று சொன்னேன். ஆனால் அதற்கு முன் சிறிது நேரம் பேசாமல் இருந்தேன். அந்தச் சிறிது நேரத்தை அவர் கவனித்தார். பிறகு சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது.

ஐந்தாம் ஆண்டு மார்வலியில் அவர் இறந்தார்.

தம்பியின் வழக்கு விசாரணைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். செங்கல்பட்டில் எங்கள் வழக்கறிஞர், போலீஸ் தாக்கல் செய்த காகிதங்களைப் புரட்டிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நிறுத்தினார். தம்பியின் கைபேசி எந்தக் கோபுரத்தின் கீழ் இருந்தது, யாரை அழைத்தது என்று தொலைபேசி நிறுவனம் எடுத்துக்கொடுத்த பட்டியல் அது. புதுப்பட்டினத்து நண்பரின் எண்ணும் வீட்டு முகவரியும் அதில் இருந்தன. அதைக் கேட்டுப் போலீஸ் எழுதிய கடிதமும் பின்னால் இருந்தது. கடிதத்தின் தேதி கைதுக்கு ஒன்பது நாள் பிந்தியது. பட்டியலோ கைதுக்கு முந்தைய மாலையே அச்சாகியிருந்தது. வாய்மொழியாகக் கேட்டிருக்கிறார்கள். கடிதம் வரட்டும் என்று சொல்லாமல் கொடுத்திருக்கிறார்கள்.

நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடுத்தோம். நஷ்டஈடு கேட்கவில்லை. இன்ன நாளில், இன்னார் கேட்டு, நாங்கள்தான் கொடுத்தோம் என்று எழுதித் தந்தால் போதும் என்றோம். அவர்களுடைய வழக்கறிஞர் மரியாதையானவர். அரசுக்கு நல்லெண்ணத்தோடு உதவியவர்கள் மேல் வழக்குத் தொடர முடியாது என்ற சட்டப்பிரிவைப் படித்துவிட்டு அமர்ந்தார். மனு தள்ளுபடியானது. கொடுத்தார்களா என்ற கேள்வியே எழவில்லை.

அரசு கேட்டால் ஒரு நிறுவனம் என்ன செய்யும் என்று படித்தவர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கடிதம் எங்கே என்று கேட்கலாம். நாளை நீதிமன்றத்தில் பதில் சொல்ல நேரும் என்ற பயம் இருந்திருந்தால், அந்த மாலை அந்த மேசையில் இருந்தவர் கேட்டிருப்பார். அந்தப் பயத்தைச் சட்டமே நீக்கிவிட்டது. கொடுத்தவர் யாரென்று வெளியே வராதபோது, சந்தேகம் எங்காவது போய் உட்கார வேண்டியிருக்கிறது. எங்களோடு ஒரே பந்தியில் சாப்பிட்டவர் மேல் அது உட்கார்ந்தது. முகம் தெரியாத ஒரு நிறுவனத்துக்குச் சட்டம் கேட்காமலே வழங்கிய நல்லெண்ணத்தை, நாங்கள் அவருக்கு ஒரு நாளும் வழங்கவில்லை.

நீதிமன்றப் படியில் தம்பி நின்றுவிட்டான். "கேட்டவன் போய்ட்டான், குடுத்தவன் போய்ட்டான். மாமா ஒருத்தருதான்க்கா பதில் சொல்லிக்கினு இருந்தாரு," என்றான்.

அம்மாவுக்கு அந்தப் பட்டியலை இரண்டு முறை படித்துக் காட்டினேன். மூன்றாம் முறை எடுத்தபோது வேண்டாம் என்று கைகாட்டினாள். இப்போது அவளும் இல்லை. நானும் தம்பியும் இருக்கிறோம்.