பன்னிரண்டாம் தேதி பாட்டில்

என் அண்ணிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ஸ்டிக்கர். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினெட்டு வருடமாக வேலை. வருகிற ரத்தக் குப்பிகளுக்கெல்லாம் தேதிச் சீட்டு ஒட்டுவது அவள் பொறுப்பு. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது. எங்கள் சமையலறையில் தேதி ஒட்டாத பொருள் என்று தேடினால் என் அண்ணனும் நானும்தான் மிஞ்சுவோம்.

பால்கனியில் எட்டுத் தொட்டி வைத்திருக்கிறாள். புதினாவும் கொத்தமல்லியும் வளர்கிற வேகத்துக்கு மூன்று பேர் தின்று மாளாது. ஒரு தழை வாடினால் போதும், அண்ணியின் முகமும் வாடிவிடும். கொத்தமல்லியைத் தண்டோடு டம்ளர் தண்ணீரில் நிறுத்தி, மேலே ஒரு பையைக் கவிழ்த்து ஃப்ரிட்ஜில் வைப்பாள். புதினாவை அலசி, ஈரத்துணியில் சுற்றி டப்பாவில் போடுவாள். மிஞ்சியதை நிழலில் உலர்த்தி, கையில் நொறுங்கும் பதம் வந்ததும் ஜாடியில் அடைப்பாள். அதற்கும் மிஞ்சினால் பொடியாக நறுக்கி, எண்ணெயில் குழைத்து, ஐஸ் தட்டில் உறையவைப்பாள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சீட்டு இருக்கும். இவ்வளவும் செய்துவிட்டு, கேஸை மூடினோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி ஓடிவருகிற ரகம் அவள்.

அப்பா நான்கு ஸ்டாப் தள்ளித் தனியாக இருக்கிறார். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்களோடு வந்து இருங்கள் என்றால், "உங்க வீட்ல என் நெத்தியிலயும் தேதி ஒட்டிடுவா" என்று தட்டிக்கழிப்பார். அவருக்கு மாதம் ஒரு பாட்டில் போகும். நறுக்கிய தழை, நசுக்கிய பச்சைப் பூண்டு, மேலே மூழ்கும்வரை எண்ணெய். ரொட்டியில் தடவிச் சாப்பிடுவதற்கு. "எப்படி மாமா இருந்துச்சு?" என்று அண்ணி கேட்பாள். "பிரமாதம்மா" என்பார். ஏழு வருடமாக இதே கேள்வி, இதே பதில். வாய் திறந்து யாரையும் பாராட்டாத மனிதர் அவர் என்பதால், அந்த ஒரு சொல்லை அண்ணி மாதம் முழுக்க வைத்துக்கொள்வாள்.

அன்று தேதி பதினேழு. நான் தையல் மிஷினில் இருந்தேன். பகல் பதினொரு மணிக்கு வேலையிடத்திலிருந்து அண்ணி போன் செய்தாள்.

"மாமா வீட்டு ஃப்ரிட்ஜ் ஓடுதா?"

"அது நின்னு ரெண்டு வருஷம் ஆச்சே அண்ணி. சத்தம் போடுதுன்னு பிடுங்கிவிட்டுட்டாரு. இப்ப சட்டையெல்லாம் அதுலதான் மடிச்சு வச்சிருக்காரு" என்று சிரித்தேன்.

பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் அண்ணன். அவனுக்கு ஃப்ரிட்ஜும் ஒன்றுதான், பீரோவும் ஒன்றுதான். வீட்டில் இதைச் சொல்லவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை.

"அப்போ என் பாட்டில் வெளியிலதான் இருந்திருக்கு" என்றாள். டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில் பாட்டிலைப் பற்றிச் சொல்லப்போக, அங்கிருந்த டாக்டரம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டாராம். "பச்சைப் பூண்டையும் தழையையும் எண்ணெய்க்குள்ள மூடி வெளியில வச்சா, காத்து படாம உள்ள விஷம் உண்டாகுமாம். வாசனை மாறாதாம், நிறம் மாறாதாம். பாக்கறதெல்லாம் ரெண்டா தெரியுமாம், இமை தொங்குமாம், முழுங்க முடியாதாம். அப்புறம் மூச்சு..."

"அண்ணி, போதும்" என்றேன்.

அப்பாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. ஆறு தடவை போட்டேன். பஸ்ஸில் ஏறியும் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா போனதும் இப்படித்தான், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பகல் வேளையில். நான் வேண்டாதது எதையெல்லாமோ நினைத்தேன்.

கதவைத் திறந்தவர் அப்பாவேதான். போனைச் சட்டைகளோடு ஃப்ரிட்ஜுக்குள் வைத்து மூடியிருக்கிறார்! எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. எனக்கு முன்பே ஆட்டோவில் வந்துவிட்ட அண்ணி சிங்க் பக்கம் நின்றாள். அங்கே பாட்டில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. நனைந்த சீட்டில் 12 என்று எழுதியிருந்தது.

"சாப்பிட்டுட்டீங்களா மாமா?"

"வழிச்சு சாப்பிட்டேன்மா. நேத்துதான் தீந்துச்சு. பிரமாதம்."

அண்ணி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் வேலை செய்யும் இடத்தில் எந்த ரத்தமும் ஒரு வாரத்துக்கு மேல் இருக்காது. அதனால் சீட்டில் நாள் மட்டும் எழுதினால் போதும், மாதம் வேண்டாம். பதினெட்டு வருடம் அப்படியே எழுதிய கை வீட்டிலும் அப்படியே எழுதியது. போன மாதமும் பன்னிரண்டாம் தேதிதான் பாட்டில் போட்டாள், இந்த மாதமும் பன்னிரண்டாம் தேதிதான். இது எந்த மாதத்து பாட்டில் என்று சீட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. அண்ணனைக் கேட்டால், "ஏதோ ஒண்ணு எடுத்துட்டுப் போனேன்" என்றான். என்றைக்குக் கொடுத்தான் என்பது அப்பாவுக்கும் நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் அப்பாவின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"எத்தனை நாள் பழசு?"

"அஞ்சு நாளா இருக்கும் டாக்டர். இல்லன்னா முப்பத்தஞ்சு நாள்" என்றாள் அண்ணி.

"லேப்ல வேலை பாக்கறதா சொன்னீங்களே?"

அவள் தலை கவிழ்ந்தது. எனக்கு அந்த டாக்டரை நாலு வார்த்தை கேட்கவேண்டும் போல இருந்தது.

"இடது இமை இறங்கியிருக்கே?" என்றார் டாக்டர்.

"அது எப்பவுமே அப்படித்தான்" என்றாள் அண்ணி. உடனே, "இல்ல, இன்னிக்கு கொஞ்சம் ஜாஸ்தியோ?" என்று என்னைப் பார்த்தாள். முப்பத்தெட்டு வருடமாகப் பார்க்கிற முகம், எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

படுக்கவைத்துவிட்டார்கள். மூன்று மணி நேரம் ஆனது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அண்ணி விரல்களை நீட்டி, "எத்தனை மாமா?" என்பாள். "மூணும்மா" என்பார். ஸ்பூனில் தண்ணீர் கொடுத்து, அது தொண்டையில் இறங்குகிறதா என்று பார்ப்பாள். உதடு காய்ந்து, அவள்தான் நோயாளி மாதிரி இருந்தாள். அந்த 'மூணு' தவிர அப்பா வேறெதுவும் பேசாமல் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயத்தில்தான் பேசவில்லை என்று நினைத்தேன். பேச்சு குழறுகிறதோ என்ற நினைப்பும் வந்தது.

பிறகு நர்ஸ் ஊசியோடு வந்தார். கையில் டிரிப்ஸ் ஏற்றவேண்டுமாம். அப்பா படக்கென்று எழுந்து உட்கார்ந்தார். ஊசி என்றால் அவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

"நான் அதைச் சாப்பிடல."

"என்ன மாமா?"

"குப்பையில கொட்டிட்டு பாட்டிலைக் கழுவி வச்சேன். பச்சைப் பூண்டு எனக்கு ஆகாதும்மா, நெஞ்சைக் கரிக்கும்."

"இந்த பாட்டிலா?"

அப்பா போர்வையின் நூலைப் பிடுங்கினார். "எல்லா பாட்டிலும்தான்."

ஏழு வருடத்து பாட்டில்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போன உயிர் திரும்பி வந்தால் சிரிப்புத்தானே வரும்? நர்ஸும் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை.

"டாக்டர் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே மாமா?"

"நீ பக்கத்துல நின்னியேம்மா. சாப்பிடலன்னு சொன்னா வருத்தப்படுவியேன்னுதான்..."

"மூணு மணி நேரமா, உங்களை நான் கொன்னுட்டேன்னு நெனச்சு உக்காந்திருந்தேன் மாமா" என்றாள் அண்ணி. "அதுக்கு வருத்தப்பட மாட்டேனா?"

அப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். நான் பார்த்தவரையில் அவர் யார் முன்னாலும் அப்படி உட்கார்ந்ததில்லை. "தப்புதாம்மா" என்றார்.

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கைப்பையிலிருந்து சீட்டுச் சுருளை எடுத்தாள். நாள், மாதம், வருடம் மூன்றையும் நிதானமாக எழுதி, கிழித்து, அவர் சட்டைப்பையின் மேல் அழுத்தி ஒட்டினாள்.

"இன்னியிலேர்ந்து பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லணும்" என்றாள்.

வீடு திரும்பும் பஸ்ஸில் எல்லோரும் அவர் சட்டையைப் பார்த்தார்கள். அப்பா பிய்க்கவில்லை. போன வாரம் அவர் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். அந்தச் சட்டை துவைக்காமல், சீட்டோடு, மடித்து மேல் தட்டில் இருந்தது.