பாய் கடையில் வைத்த பெட்டி

தஞ்சாவூரில் எங்களுக்கு விமான டிக்கெட் எடுத்துத் தந்தவரைப் பாய் என்றுதான் அழைப்போம். வெள்ளைத் தொப்பி, நரைத்த தாடி. என் கைக்குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அவளிடமே தேதி கேட்பார்.

டொராண்டோவில் இருக்கும் என் கணவர் மகளை இன்னும் நேரில் பார்த்ததில்லை. நானோ தேதியை மாற்றிக்கொண்டே இருந்தேன். கடைசியில் கிடைத்த நாள் அஷ்டமி. மாமியார் கூடாது என்றார். குழந்தையோடு தனியாகப் பறக்கப் பயந்துகொண்டிருந்த எனக்கு அது நல்ல சாக்கு.

"முந்தின நாள் நல்ல நேரத்துல ஒரு பெட்டியை இங்க கொண்டாந்து வெச்சிருங்கம்மா. உங்க வழக்கப்படி அப்பவே கிளம்பினதா ஆயிடும்ல?" என்றார் பாய்.

"நீங்க இதெல்லாம் நம்புறீங்களா?"

"நம்புறது உங்க அத்தை பாடு. பெட்டிக்கு நான் பொறுப்பு."

பெட்டியை வைக்கப் போன அன்றும் தயங்கினேன். "பிளேன்ல இவ அழுதா என்ன பண்றது பாய்?"

"அழட்டும். எவன் எந்திரிச்சு இறங்கிப் போயிடுவான்?"

"எனக்கே மனசு மாறிட்டா?"

"வந்து எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போங்க. கடை திறந்துதான் இருக்கும்."

மறுநாள் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் காரை நிறுத்தினோம். பெட்டியைத் தூக்கி வந்தவர், என் முகத்தைப் பார்த்து நின்றார். நான் டிக்கியைத் திறந்தேன். வேண்டாம் என்றிருந்தால் அதையும் அதே முகத்தோடு கேட்டிருப்பார் என்று இங்கே வந்த பிறகும் நினைத்துக்கொள்கிறேன்.