கல்லுக்கு அடியில் கரி

வனத்துறையில் சர்வேயராகச் சேர்ந்த புதிதில் மூத்த ரேஞ்சர் ஒருவர் எனக்கு ஒரு புத்தி சொன்னார். வேலைக்குப் போகிற ஊரில் மோர் குடிக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், யார் வீட்டிலும் பால் மட்டும் குடிக்கக் கூடாது. பால் குடித்தால் பேச்சு வரும். சில வருடங்கள் கழித்து, எழுபதுகளின் நடுவில், மயிலாடும்பாறைக்கு மேற்கே மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றுக்கு என்னை அனுப்பினார்கள். போய் இறங்கிய அன்றே பெரிய லோட்டாவில் பால் வந்தது.

அனுப்பியவர் அந்த ஊரில் வசதியான சம்சாரி, தோட்டமும் கிணறும் உள்ள விவசாயி. தோட்டத்துக் கிணற்றை ஒட்டிய மோட்டார் ரூமைக் கூட்டிச் சுத்தம் செய்து, கட்டில் போட்டு, எங்களைத் தங்கச் சொன்னவரும் அவர்தான். அதிர்ந்து பேசமாட்டார்.

"ஆபீசரு ஊருக்கு வந்திருக்காக. பச்சத் தண்ணியக் குடிக்க விட்டா எங்களுக்குத்தான கேவலம்" என்றார்.

மறுத்தால் தங்க வேறு இடமில்லை. குடித்தேன். அவர் போனதும், அளவுச் சங்கிலி பிடிக்கிற என் செயின்மேன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். பண்ணைப்புரத்துக்காரர், என்னைவிட மூத்தவர்.

"இந்தாளு தோட்டத்த ஒட்டித்தான் சார் நம்ம லைனு போகுது. சும்மா வராது பாலு."

காட்டு எல்லையை மறுபடி அளந்து, வெள்ளைக்காரன் காலத்தில் நட்ட எல்லைக்கற்கள் அதனதன் இடத்தில் நிற்கின்றனவா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. ஒரு கல்லிலிருந்து அடுத்த கல் எந்தத் திசையில், எவ்வளவு தூரம் என்று பழைய படத்தில் இருக்கும். நான் தியோடலைட்டை நிறுத்திக் கோணம் பார்ப்பேன். செயின்மேன் சங்கிலியை இழுத்துக்கொண்டு முள்ளுக்குள் போவார்.

சம்சாரியின் தோட்டத்துக்கு மேலே ஒரு மானாவாரி நிலம் இருந்தது. மொச்சையும் சோளமும் போட்டிருந்தார்கள், வரப்பில் இலவ மரங்கள் நின்றன. அதைப் பார்த்துக்கொண்டது ஒரு பெண், நாற்பது வயதிருக்கும். நாங்கள் எங்கே போனாலும் இடுப்பில் அரிவாளோடு கொஞ்ச தூரம் விட்டுப் பின்னால் வருவார். பேசமாட்டார். ஒருநாள் வெயில் தாங்காமல் குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.

"அங்கன மோட்டார் ரூம்புல இல்லாத தண்ணியா?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

அந்த நிலத்தில்தான் சிக்கல் வந்தது. எல்லைக்கல் ஒன்று மொச்சைச் செடிகளுக்கு நடுவில் நின்றது. படத்தின்படி அது மேலே, பாறைச் சரிவின் ஓரத்தில் நிற்க வேண்டும். கல் நகர்வது எனக்குப் புதிதில்லை. ஆனால் நான் பார்த்த கல்லெல்லாம் காட்டுப் பக்கம்தான் நகர்ந்திருக்கும், பட்டா நிலம் காட்டைத் தின்றிருக்கும். இங்கே காடு கீழே இறங்கி நிலத்தைத் தின்றிருந்தது. யாருக்கு அதில் லாபம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

முதலில் கருவியைச் சந்தேகப்பட்டேன். சோதித்துப் பார்த்தேன், சரியாகவே இருந்தது. அடுத்தபடி செயின்மேன். சங்கிலியின் முன் முனையை நானே பிடித்துக்கொண்டு மறுபடி அளந்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"சந்தேகம்னா நேராக் கேளுங்க சார். இந்த ஊர்ல எனக்குப் பொண்ணு எடுத்த சம்பந்தமும் இல்ல, குடுத்த சம்பந்தமும் இல்ல."

அன்று சாயங்காலம் பால் கொண்டுவந்த சம்சாரியிடம், அந்தக் கல் எப்போதும் அங்கேதான் இருக்கிறதா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"எனக்கு வெவரம் தெரிஞ்ச நாளா அங்கனதான் நிக்குது" என்றார். "அந்த நெலம் எங்கய்யா எந்தங்கச்சிக்குக் குடுத்தது. பாவம், மாப்ளயும் போய்ச் சேந்துட்டாரு. நாளைக்கு ஃபாரஸ்டுக்காரக எடுத்துக்கிட்டாகன்னா அவ என்ன செய்வா? எம்பேருக்கு எழுதிக் குடு, நான் ஆபீசுல பேசி மீட்டுத் தாரேன்னு தலதலையா அடிச்சுக்கிறேன். கேக்க மாட்டேங்கிறா."

அரிவாளோடு பின்னால் வருகிறவர் அவருடைய தங்கை என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். லோட்டாவைக் கீழே வைத்துவிட்டேன்.

எல்லைக்கல் நடும்போது குழிக்குள் கரித்துண்டுகளைப் போட்டு அதன்மேல் கல்லை நிறுத்துவார்கள். மண்ணுக்குள் மரம் மக்கும், கரி மக்காது. கல்லை யாராவது பெயர்த்துவிட்டால், கரி கிடக்கிற இடம்தான் சாட்சி. மறுநாள் காலை மொச்சைக்கு நடுவில் நின்ற கல்லைச் சாய்த்துத் தோண்டினோம். கரி இல்லை. துருப்பிடித்த கலர் சோடா பாட்டில் மூடி ஒன்று வந்தது. செயின்மேன் அதை எடுத்துத் துடைத்தார்.

"வெள்ளக்காரன் கலரு குடிச்சுட்டுத்தான் கல்ல நட்டிருப்பான் போல."

அந்தப் பெண் வேகமாக வந்தார்.

"என்னத்தப் பொதைக்கிறீக?"

"புதைக்கலம்மா, தோண்டிப் பார்க்கிறோம். இந்தக் கல் இங்கே இருக்க வேண்டியதில்ல."

"எங்கண்ணன் சொல்லிக் குடுத்தாகளா இப்பிடிச் சொல்லச் சொல்லி?"

"அவருக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"அவுக வீட்டுப் பாலு ஒங்க வயித்துல கெடக்கு. ஒங்க பேச்ச நான் எப்பிடி நம்புறது?"

நான் அளந்துகொண்டே பாறைச் சரிவுக்கு ஏறினேன். படம் சொன்ன இடத்தில் தோண்டச் சொன்னேன். முழங்கை ஆழத்தில் மண் கறுத்தது. கரித்துண்டுகள் வந்தன. பின்னாலேயே ஏறி வந்த அந்தப் பெண் குனிந்து ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். நான் விளக்கினேன். பாதி கேட்டார்.

"அப்ப எந்நெலம் எனக்குத்தானா?"

"காடு இந்தப் பாறையோட முடியுது. கீழே இருக்கறது உங்களோடது."

"இதுக்கு ஒங்களுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம்மா."

"ஒண்ணும் வேணாம்னு சொல்றவகதான் பெறகு வாசல்ல வந்து நிக்கிறாக" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

மோட்டார் ரூமுக்குத் திரும்பும்போது செயின்மேன் மெதுவாகச் சொன்னார். "நேத்து அந்தம்மா அந்தப் பாறச் சரிவுலதான் சார் சுள்ளி பெறக்கிக்கிட்டு இருந்துச்சு. நான் பாத்தேன்."

கரிக்கு வயசு தெரியாது. அடுப்பிலிருந்து அள்ளிப் போட்டாலும் கரி கரிதான். அண்ணன் கல்லை நகர்த்தினார் என்றால் தங்கை கரியைப் போட்டிருக்க முடியாதா? மறுநாள் வேறு இரண்டு கற்களுக்குப் போனேன். இரண்டின் அடியிலும் கரி அப்படியே இருந்தது. அங்கிருந்து கருவியை வைத்துப் பார்த்தேன். இரண்டு கோடும் பாறைச் சரிவில் நாங்கள் தோண்டிய குழியில்தான் வெட்டிக்கொண்டன. அதன்பிறகுதான் கல்லைத் தூக்கி மேலே நட்டோம். அண்ணன் வந்து துண்டைத் தோளில் போட்டபடி கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்க அளவு எப்பிடியோ அப்பிடிச் செய்யிங்க சார்" என்றார்.

அன்று பால் வரவில்லை.

நாங்கள் திரும்புவதற்கு முன்பே பேச்சு ஆபீசுக்குப் போய்விட்டது. அப்போதிருந்த ரேஞ்சர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"காட்டுக்குள்ள இருந்த நிலத்த வெளிய தள்ளிட்டு வந்திருக்கீங்க."

"அது நம்ம நிலமே இல்ல சார். கல்லை யாரோ நகர்த்தியிருக்காங்க."

"யாரு?"

"தெரியாது சார்."

"எந்த ஊர்லயாவது சொந்த நிலத்தக் காட்டுக்குத் தள்ளுவானா? தனியா இருக்கற பொம்பளையோட நிலம்னு வேற சொல்றாங்க" என்றார். மீதியைச் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தார். நான் மேஜைமேல் எடுத்து வைத்த பாட்டில் மூடியை அவர் தொடக்கூட இல்லை.

வேறு சரகத்திலிருந்து இன்னொரு சர்வேயரை வரவழைத்து அளக்கச் சொன்னார்கள். அவர் தன் செயின்மேனையும் கூட்டிக்கொண்டு வந்தார், மயிலாடும்பாறையில் தங்கினார், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு. அவர் அளவும் என் அளவும் ஒன்றாகவே இருந்தன. கல் நட்ட இடத்திலேயே நின்றது. என்னைக் கம்பம் பக்கம் மாற்றினார்கள். வழக்கமான மாறுதல்தான் என்றார்கள். நான் நம்பவில்லை, கேட்கவும் இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் அல்லிநகரத்து ஜவுளிக்கடை ஒன்றில் அண்ணனையும் தங்கையையும் பார்த்தேன். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டுப்புடவை பிரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மகனுக்குத் தங்கை மகளைக் கட்டுகிறார்களாம். அண்ணன் தலை நரைத்திருந்தது. நான்தான் போய் நலம் விசாரித்தேன்.

"சர்வேயரு சாரா?" என்றவர் புடவையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

தங்கை பக்கத்திலிருந்த உறவுக்காரப் பெண்ணிடம் எனக்குக் கேட்கும்படியே சொன்னார். "இவுகதான் வந்து கல்ல அங்கிட்டும் இங்கிட்டும் மாத்தி, எனக்கும் எங்கண்ணனுக்கும் பேச்சுவார்த்த இல்லாமப் பண்ணினவுக."

அண்ணன் அதை மறுக்கவில்லை. நிலம் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.

"புள்ளைக்குச் சீதனமா எழுதிட்டேன்" என்றார் தங்கை.

அப்படியானால் நிலம் அண்ணன் வீட்டுக்குத்தான் போகிறது. நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் ஒரு புடவையின் கரையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை என் பக்கமிருந்த தன் மஞ்சள் பையை எடுத்து மறுபக்கம் வைத்துக்கொண்டார்.